மிளகுக்கு வாரிசு வேண்டாம்

…இதில் யோசிக்க என்ன இருக்கிறது, ஒன்றுமில்லை, யோசிக்க வேண்டியதையெல்லாம் யோசித்தாகிவிட்டது, வெயில் ஏறி ஈ மொய்க்கத் தொடங்குவதற்குள் வேலையை முடித்துவிடலாம் என்று மாட்டு டாக்டர் சொல்லியிருக்கிறார், மாட்டு டாக்டர் என்றால் அவருக்குப் பிடிக்காது, குதிரைக்கென்று தனியாகப் படித்தவர், சரி, குதிரை டாக்டர், அவர் வந்து ஊசி போட்டு, காயடித்து, கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டால் அதற்குமேல் இந்த வீட்டில் இந்தப் பேச்சே கிடையாது. வாளி நிரம்பி வழிந்தது. குழாயை மூடினாள். கொட்டகைக்குள் மிளகு கனைத்தான். இந்த உடம்புக்குள் எங்கிருந்துதான் அந்தச் சத்தம் வருகிறதோ, ஒரு பெரிய நாய் பக்கத்தில் நின்றால் அதன் தோளும் அவன் தோளும் ஏறக்குறைய சமம், ஆனால் குரலை மட்டும் கேட்டால் படையே புறப்படுகிறது என்றுதான் தோன்றும். வாங்கிக்கொண்டு வந்த புதிதில் கொட்டகையின் அரைக்கதவுக்கு மேலே அவனால் எட்டிப் பார்க்க முடியவில்லை, காது நுனி இரண்டும் மட்டும் தெரிந்தன, அவள் கணவர் ஒன்றும் பேசாமல் ரம்பத்தை எடுத்து வந்து கதவை அறுத்துக் குட்டையாக்கினார். பேர் வைத்ததும் அவர்தான். "கறுப்பா, சின்னதா, உறைப்பா இருக்கான். மிளகு." அந்த மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

அழகன்தான், அதை யார் மறுத்தார்கள், பெரிய குதிரை ஒன்றைத் தூரத்தில் நிறுத்திப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படியே பக்கத்தில் நிற்கிறான், கழுத்து வளைவு, மெலிந்த கால், நெற்றியில் கலைந்து விழுகிற மயிர், கொழுத்த குள்ளக் கழுதை மாதிரி இருக்கிற மற்றக் குள்ளக் குதிரைகளைப் போல இல்லை. அவள் பல் செட் செய்கிறவள். முன்னறையில் வேலை மேசை, அதன்மேல் யார் யாருடையவோ தாடைகளின் அச்சுகள், மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாக உட்காருகிறதா என்று நாளெல்லாம் பார்த்துப் பார்த்து, கடைத்தெருவில் எதிரே வருகிற மனிதரின் முகம் மறந்தாலும் கடி மறக்காது. மிளகின் உதட்டை விலக்கி முதல் நாளே பார்த்தாள். கீழ்ப் பற்கள் ஒரு மயிரிழை முன்னால் நின்றன. மயிரிழைதான், வேறு யார் கண்ணிலும் படாது, அவள்கூட அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை… எடுத்துக்கொண்டிருக்க வேண்டுமா? வாயைப் பார்த்து வம்சத்தைச் சொல்ல அவள் என்ன ஜோசியக்காரியா.

வேலிக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம். கொழுந்தன். கொல்லைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு வேலிதான், அண்ணன் வீடு இந்தப் பக்கம், தம்பி வீடு அந்தப் பக்கம். தம்பிக்கு விழாக்களில் குழந்தைகளைக் குட்டி வண்டியில் ஏற்றிச் சுற்றிவிடுகிற தொழில், அதற்காக இரண்டு பெட்டைக் குதிரைகள், போன மாதம் மூன்றாவதாக ஒன்று, அது வண்டி இழுக்க வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். "அண்ணி, கடைசியா ஒரு தடவை கேட்டுட்டுப் போறேன்," என்றான், வேலியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு. "ஒரு வருஷம் பொறுங்க. ஒரே ஒரு குட்டி. அப்புறம் என்ன வேணா செய்யுங்க." அவள் வாளியைக் கீழே வைக்காமலே நின்றாள், வைத்தால் பேச்சு நீளும். "புதுசுக்கு டெஸ்ட் எடுத்தாச்சு அண்ணி, இவன் ரத்தத்துல இருக்கிற அந்தக் குறை அதுகிட்ட இல்லவே இல்ல. இவனோட சேர்த்தா குட்டி நல்லாத்தான் பிறக்கும்னு டாக்டரே சொல்றார்." "நல்லாத்தான் பிறக்கும். நான் இல்லன்னு சொல்லலியே. பிறக்கிறதுல பாதிக்கு உள்ளுக்குள்ள அது ஒளிஞ்சிருக்கும். நீங்க வித்துடுவீங்க. வாங்கினவர் டெஸ்ட் எடுப்பாரா?" "அது வாங்கினவர் பாடு." "அதுதான் வேணாங்கறேன், தம்பி." அவன் சிரித்தான், கோபம் வந்தாலும் சிரிக்கிற முகம், சின்ன வயதிலிருந்தே அப்படி, அவள் கல்யாணமாகி வந்தபோது அரை டிராயரோடு நின்றவன். "அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா, அண்ணி?" "கேட்டேன். கனைச்சான்." "அது சம்மதமா, மறுப்பா?" "பசி," என்று சொல்லிவிட்டு நடந்தாள். நல்ல பதில்தான். அவளுக்குப் பதில்கள் எப்போதும் கேள்விக்கு முன்னாலேயே வந்து நிற்கும். வேலைக்கூடத்திலும் அப்படித்தான், பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சைக் கையில் வாங்கியவுடனே இது உட்காரும், இது உட்காராது, திருப்பி அனுப்பு. தப்பினதில்லை. ஒன்றிரண்டு தவிர.

பட்டாணியை மட்டும் அவன் பேச்சில் இழுக்கவில்லை, அதற்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். பட்டாணி… மிளகுக்கும் தம்பியின் மூத்த பெட்டைக்கும் பிறந்தது, பிறந்தபோது பூனைக்குட்டி போல இருந்தது, நெற்றி உருண்டு முன்னால் தள்ளி, முன்னங்கால்கள் உள்பக்கமாக வளைந்து, கீழ்த்தாடை அலமாரியின் மூடாத இழுப்பறை மாதிரி துருத்திக்கொண்டு. தாயிடம் வாய் வைக்க முடியவில்லை, வைத்தால் நழுவியது, தம்பியின் மனைவி குட்டியை மடியில் போட்டுக்கொண்டு, அக்கா, எதாவது பண்ணுங்க அக்கா என்றாள். அச்சு எடுக்கிற மெத்தென்ற பசையில் அந்தத் தாடைக்கு அளவெடுத்து ஒரு ரப்பர்க் காம்பு செய்தாள், எந்த மனிதருக்கும் அவ்வளவு கவனமாக அளவெடுத்திருக்க மாட்டாள், புட்டியில் மாட்டி வாயில் வைத்ததும் குட்டி இழுத்துக் குடித்தது, கண்ணை மூடிக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டு. அன்றைக்கு வந்த சந்தோஷம் மாதிரி ஒரு சந்தோஷம்… ஓடவும் செய்தது, நண்டு ஓடுகிற மாதிரி கோணலாக, ஆனால் ஓடியது, தனக்குக் கால் வளைந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது. பிறகு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மார்புக்கூட்டுக்குள் இடம் பற்றவில்லை என்றார் டாக்டர். படுத்தால் மூச்சு முட்டி எழுந்தது, நின்றால் கால் தாங்காமல் விழுந்தது. இனிமேல் வேண்டாம், ஊசி போட்டுவிடுங்கள் என்று சொன்னது அவள்தான், தம்பி மனைவி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், தம்பி வேலியைப் பார்த்து நின்றான், யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும், யாரும் வாய் திறக்காத இடத்தில் அவள் வாய்தான் திறக்கும், அது அப்படியே அமைந்துபோனது.

அதற்குப் பிறகுதான் டாக்டர் மிளகின் மயிரைப் பிடுங்கி டெஸ்டுக்கு அனுப்பினார், தாய்க் குதிரையின் மயிரையும். முடிவு வந்த அன்று கொட்டகையில், தீவனப் பெட்டியின் மூடிமேல் சாக்கட்டியால் ஒரு கட்டம் போட்டார், அதை நான்காகப் பிரித்தார். "இவன்கிட்ட ஒண்ணு மறைஞ்சு நிக்குது, அதுகிட்ட ஒண்ணு மறைஞ்சு நிக்குது, வெளியில தெரியாது. ரெண்டும் வந்து சேர்ந்தா இந்தக் கட்டம், நாலுல ஒண்ணு." அவர் விளக்கி முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது என்றால்… ஏற்கெனவே தெரியும். இதே கட்டத்தை வேறொருவர் போட்டுக் காட்டியிருக்கிறார், சாக்கட்டியால் இல்லை, நீல மையால், காது ஆஸ்பத்திரியில், மகள் அப்போது அவர் மேசைமேல் இருந்த பொம்மைக் காதைக் கழற்றி விளையாடிக்கொண்டிருந்தாள், பின்னாலிருந்து கையைத் தட்டினால் திரும்பாத குழந்தை. உங்களுக்கும் ஒன்றுமில்லை, உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒன்றுமில்லை, இரண்டு பேரிடமும் மறைந்து நின்றது சேர்ந்துவிட்டது, நான்கில் ஒன்று. அன்றைக்குத் தீவனப் பெட்டிக்கு எதிர்ப்பக்கம் கணவர் நின்றிருந்தார், அவருக்கும் ஞாபகம் வந்ததா, வந்திருக்கும், கட்டத்தைப் பார்த்தார், பிறகு மிளகின் பிடரியைக் கோதிவிட்டார், அவ்வளவுதான். அவள்தான் அங்கேயே சொன்னாள், காயடிச்சிடலாம் டாக்டர்.

சரியான முடிவுதான், எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் சரி. பட்டாணி போனதிலிருந்து தனியாக நிற்கிறான். பெட்டைகள் வேலிக்கு அந்தப் பக்கம், இவன் இந்தப் பக்கம், பெட்டைகளின் பருவ வாடை காற்றில் வந்தால் தீனி தின்பதில்லை, வேலியோரம் நடந்து நடந்து புல் முளைக்காத ஒரு தடம் போட்டுவிட்டான், கணவரின் தோளைக் கடித்து ஊதா நிறத்தில் ஒரு பல் பதிவு, அதிலும் கீழ்வரிசை ஒரு மயிரிழை முன்னால்தான் இருந்தது. காயடித்து ரத்தச் சூடு அடங்கட்டும், வேலியில் ஒரு கதவு வைத்துவிட்டால் நான்கும் ஒன்றாக மேயும், ஒன்றின் முதுகை ஒன்று பல்லால் சொறிந்துவிடும், குதிரைக்கு அதைவிட என்ன வேண்டும். குட்டி வேண்டும் என்று குதிரை கேட்டதா? கேட்பது தம்பி. துணை வேண்டும் என்றுதான் குதிரை கேட்கிறது, இந்தக் கத்தல் எல்லாம் அதுதான்… அப்படித்தான் அவள் புரிந்துகொண்டிருக்கிறாள்.

"அம்மா, இவன் கத்தறது மெஷினைக் கழற்றினாலும் கேக்குது," என்றபடி மகள் கொல்லைக்கு வந்தாள், விடுமுறைக்கு வந்திருக்கிறாள், கட்டட வரைபடம் போடுகிற வேலை, அலுவலகத்தில் எல்லோரும் சத்தத்தில் தலையைப் பிடித்துக்கொள்ளும்போது இவள் காது மெஷினை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டுக் கோடு போடுவாளாம், அதனால்தான் என் கோடு நேரா இருக்கு என்பாள். இப்போதும் காது வெறுமையாக இருந்தது. மெஷின் இல்லாவிட்டால் உதட்டைப் பார்ப்பாள், உதடு ஓடினால் கையைப் பார்ப்பாள். அவளோடு வளர்ந்து வளர்ந்து இந்த வீட்டில் யாரும் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவதில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு பொய் சொல்லவும் முடியாது. சைகையில் அவளுக்கு ஈடு கொடுப்பது அவள் அப்பாதான். வாயால் பேசாத மனிதர், கையால் மகளோடு பேச ஆரம்பித்தால் ஓயமாட்டார், தோசைக் கரண்டியைக்கூடக் கீழே வைத்துவிட்டுப் பேசுவார், அவளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுக்கும், அம்மாக்காரி இரண்டு சொல்லுக்கு ஒரு சொல் புரிந்து நடுவில் நிற்பாள். "நீ என்ன சொல்றே," என்று நேற்றுக் கேட்டிருந்தாள், ஒரு பேச்சுக்கு. "செஞ்சிடுங்கம்மா. சித்தப்பாவுக்குத்தான் நஷ்டம், இவனுக்கு என்ன," என்றுதான் மகள் சொன்னாள். பார், அவளே சொல்லிவிட்டாள். வேறு என்ன வேண்டும்.

டாக்டர் வந்துவிட்டார். பையை விரித்தார், முதலில் தொட்டுப் பார்த்து விதை இரண்டும் இறங்கியிருக்கின்றன என்றார், கழுத்து நரம்பில் ஒரு ஊசி, மிளகின் தலை மெல்லத் தாழ்ந்தது, உதடு தொங்கியது, தூக்கம் வந்த கிழவனைப் போல. அடுத்த ஊசிக்கு முழங்கால்கள் மடிந்தன, கணவரும் டாக்டரும் இரண்டு பக்கமும் பிடித்துப் புல்மேல் பக்கவாட்டில் சாய்த்தார்கள், மகள் தலைமாட்டில் உட்கார்ந்து கண்ணின்மேல் ஒரு துண்டைப் போட்டாள், கணவர் மேல்பக்கத்துப் பின்னங்காலைக் கயிற்றில் கட்டி முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டார். அவள் வெந்நீரும் மருந்துத் தண்ணீரும் எடுத்துக்கொடுத்தாள், பார்வையை விலக்கவில்லை, விலக்குவது அவள் வழக்கமில்லை. கழுவுதல், சிறிய கீறல், நசுக்கி வெட்டுகிற இடுக்கியின் நொறுங்குகிற சத்தம், ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. தட்டில் கிடந்தவற்றைப் பார்த்தாள். சின்னதுதான். இத்தனை பேச்சும் இத்தனை சண்டையும் இதைப் பற்றித்தானா. "தையல் போடல, தானா வடியணும்," என்றார் டாக்டர். "நாளையிலேருந்து தினம் நடக்க விடுங்க, இல்லன்னா வீங்கும். ஒண்ணு, உடனே பெட்டைங்ககிட்ட விட்டுடாதீங்க. கொஞ்ச காலத்துக்கு உள்ள விந்து மிச்சம் இருக்கும்." வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான். சாயந்திரம் போய் அவனிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும், வேலிக்கதவை அவனையே செய்யச் சொல்லலாம், செய்வான், அவன் மனம் எத்தனை நாள் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும்.

டாக்டர் கருவிகளைக் கழுவ முற்றத்துக்குப் போனார். மிளகு விழிக்கும்வரை தலையை யாராவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், அரைத் தூக்கத்தில் எழுந்தால் விழுந்து அடிபடும். மகள் துண்டின்மேல் கையை வைத்திருந்தாள். அம்மாக்காரி எதிரே குந்தி உட்கார்ந்தாள், மூச்சு சீராக ஏறி இறங்கியது, முடிந்தது, நினைத்த மாதிரியே முடிந்தது. "அம்மா," என்றாள் மகள். கண் தீவனப் பெட்டியின் பக்கம் இருந்தது. சாக்கட்டிக் கட்டத்தை யாரும் அழிக்கவில்லை, ஏன் அழிக்கவில்லை, தினமும் அந்த மூடியைத் திறந்து மூடுகிறாளே. "நான் பிறந்தப்போ உங்களுக்கும் இதே கட்டம்தான் போட்டாங்களா?" "ஆமா," என்றாள், உதடு நன்றாகத் தெரியும்படி. "அதனாலதான் என்னோட நிறுத்திட்டீங்களா?" இதற்கும் பதில் தயாராகத்தான் இருந்தது, உறவுக்காரர்கள், அக்கம்பக்கம், எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள். "நீ ஒருத்தி போதும்னு நிறுத்தினோம்." மகள் அவள் உதட்டைப் பார்த்தாள், பிறகு கண்ணைப் பார்த்தாள், தலையாட்டினாள். கொஞ்ச நேரம் மிளகின் நெற்றிமயிரை விரலால் பிரித்துக்கொண்டிருந்தாள். "குறையா சொல்லலம்மா. சும்மா தோணுச்சு. ஒரு தங்கச்சி இருந்து, அவளுக்கும் கேக்காம இருந்திருந்தா… வீட்டுல நாங்க ரெண்டு பேர் இருந்திருப்போம்."

அவ்வளவுதான் சொன்னாள், சொல்லிவிட்டுச் சிரிக்கக்கூடச் செய்தாள். அதற்குள் மிளகு காதை ஆட்டினான், காலை உதறினான், "பிடி, பிடி," என்று இருவரும் அவன் தலையை அழுத்திப் பிடித்து, பிறகு விட, அவன் முன்னங்கால்களை நீட்டி உட்கார்ந்து, ஒரு தடவை சரிந்து, மறு தடவை எழுந்து நின்றுவிட்டான், நான்கு காலும் நான்கு திசையில், தான் எங்கே இருக்கிறோம் என்று விசாரிக்கிற முகத்தோடு. மகள் தலைக்கயிற்றைப் பிடித்து நிழல் பக்கம் மெல்ல நடத்திக்கொண்டு போனாள். அவள் எழுந்து புடவையில் ஒட்டிய புல்லைத் தட்டினாள். நான்கில் ஒன்று என்றுதான் பார்த்தாள், அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. அந்த ஒன்று பிறந்தால் அது இன்னொன்றுக்குத் துணை என்று எந்தக் கட்டத்திலும் எழுதியிருக்கவில்லையே… ஆனாலும் முடிவு தப்பில்லை. அப்போது இருந்த நிலைமை, வேலைக்கூடம் ஆரம்பித்த புதிது, மகளுக்குப் பேச்சுப் பயிற்சிக்கு அலைந்த அலைச்சல், இன்னொரு குழந்தைக்கு எங்கே கை இருந்தது. தப்பில்லை. திரும்பவும் அதே இடத்தில் நிறுத்தினால் அதையேதான் சொல்வாள். சொல்வாளா? சொல்வாள்.

நிறுத்தினோம். நிறுத்தினோம் என்றுதான் எப்போதும் சொல்கிறாள், எல்லோரிடமும், தன்னிடமும். காது ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பஸ் நன்றாக ஞாபகம் இருக்கிறது, கிழிந்த பச்சை சீட், ஜன்னல் ஓரம் கணவர், அவர் மடியில் தூங்கிவிட்ட குழந்தை, அதன் கால் அவள் தொடைமேல், இவ ஒருத்தி போதும், இல்லீங்களா என்று அவள் கேட்டாள், கேட்டாளா, இல்லை, இவ ஒருத்தி போதும் என்று சொன்னாள். அவர் என்ன சொன்னார்? சீட்டின் நிறம் வருகிறது, முன்னால் உட்கார்ந்திருந்தவர் தும்மிக்கொண்டே வந்தது வருகிறது, அவர் சொன்னது வரவில்லை. தேடிப் பார்த்தாள். ஏதாவது சொல்லியிருப்பார். தலையையாவது ஆட்டியிருப்பார். அவர் பேசாதவர், பேசாவிட்டால் சரி என்று அர்த்தம், அப்படித்தானே இத்தனை காலம்… அப்படி என்று யார் சொன்னது.

கொட்டகைச் சுவரோரம் கணவர் காலைக் கட்டிய கயிற்றை உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருந்தார். மகள் பேசியது அவர் காதில் விழுந்திருக்கும், நன்றாகவே விழுந்திருக்கும், அவ்வளவு பக்கத்தில்தான் நின்றிருந்தார். "என்னங்க," என்றாள். நிமிர்ந்து பார்த்தார். கேள்வி நாக்கு நுனியில்தான் இருந்தது, ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, வாழ்க்கையில் முதல்தடவையாக அவளிடம் ஒரு கேள்வி இருந்தது, பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை. "ஒண்ணுமில்ல," என்றாள். ஒண்ணுமில்ல என்றால் அவர் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போவார், எப்போதும் அப்படித்தான். கயிற்றைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தபடி, அவர் அங்கேயே நின்றார்.